வீட்டில் கார் கழுவ: பக்கெட்டா, கைப்பம்பா, பிரஷர் மெஷினா?

ஐடிஐ முடித்து ஓசூர் சிப்காட்டில் வேலைக்குச் சேரும் என் மாணவர்கள், இரண்டு மூன்று வருடத்தில் பழைய கார் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். கார் வாங்க நாலு மெக்கானிக்கைக் கேட்கிறவர்கள், அதைக் கழுவும் சாமான் வாங்க ரீல்ஸை மட்டும் கேட்கிறார்கள். வெள்ளை நுரை காரை மூடி வழிகிற வீடியோவைப் பார்த்த மறுநாளே இஎம்ஐயில் பிரஷர் மெஷின் வந்து இறங்குகிறது. இன்னொரு பாதிப் பேர் அப்பா பேச்சைத் தட்ட முடியாதவர்கள். “நாங்க டிராக்டரையே துணி சோப்புத்தூள்ல கழுவினவங்க” என்று அவர் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் கிடையாது. இரண்டு தரப்பும் கடைசியில் ஒரே புகாரோடு வருகின்றன: “சார், நுரையே நிக்க மாட்டேங்குது சார்.”

எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் உங்கள் வீட்டுத் தண்ணீரைப் பாருங்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் பெரும்பாலான வீடுகளில் கார் கழுவுவது போர் தண்ணீரில்தான். பாறைக்கடியிலிருந்து வருகிற அந்தத் தண்ணீர் பல இடங்களில் உப்புத் தண்ணீர்; கால்சியமும் மக்னீசியமும் கரைந்தது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இங்குள்ள நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பதால்தான். அந்தக் காவிரித் தண்ணீர் குடிப்பதற்கு. காருக்கு ஊற்ற அல்ல.

சோதனை எளிது. இரண்டு பாட்டிலில் பாதியளவு தண்ணீர் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், மற்றதில் மழைத் தண்ணீரோ கேன் தண்ணீரோ. இரண்டிலும் குளியல் சோப்பைக் கொஞ்சம் சீவிப் போட்டுக் குலுக்குங்கள். கேன் தண்ணீரில் நுரை கழுத்துவரை ஏறி நிற்கும். போர் தண்ணீர் மோர் மாதிரி கலங்கி, மேலே திரிதிரியாக ஏதோ மிதந்தால், சோப்பை உப்பு தின்றுவிட்டது என்று அர்த்தம். கார் ஷாம்பூ இப்படித் திரியாது. ஆனாலும் உப்புத் தண்ணீரில் அதன் நுரை சீக்கிரம் இறங்கும். மொட்டை மாடி மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

இனி வழிகளைப் பார்ப்போம். சோப்புத்தூள் வேண்டாம். அதில் காரம் அதிகம். பாலிஷை எடுத்துவிடும், கரையாத துகள் பெயிண்டைக் கீறும். பாத்திரம் கழுவும் லிக்விடில் நுரை அருமையாக வரும். ஆனால் எண்ணெய்ப் பசையை எடுக்கவே செய்த சரக்கு, மெழுகுப் பூச்சையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும்.

கைப்பம்ப் ஸ்ப்ரேயர் என்பது செடிக்கு மருந்தடிக்கும் பம்பின் தம்பி. இரண்டு லிட்டர் பாட்டில், கையால் காற்றடித்து அழுத்தினால் நுரை வரும். மாடி வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கும், ஓனர் மோட்டார் போடும் நேரத்தை நம்பியிருப்பவர்களுக்கும் இது போதும்.

பக்கெட் முறை எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைப்பார்கள். சரியாகச் செய்பவர்கள் குறைவு. பத்து லிட்டர் பக்கெட்டில் முதலில் ஷாம்பூவை விடுங்கள், மேலே ஹோஸை அழுத்திப் பிடித்துத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். காற்று கலந்தால்தான் நுரை. மெதுவாக நிரப்பிவிட்டு ஷாம்பூவை மேலே ஊற்றினால் சோப்புத் தண்ணீர்தான் கிடைக்கும். அளவு லேபிளில் போட்டிருப்பதுதான். உப்புத் தண்ணீருக்குக் கொஞ்சம் கூட்டலாம். பக்கத்தில் வெறும் தண்ணீரோடு இன்னொரு பக்கெட். ஒவ்வொரு கதவையும் துடைத்ததும் மைக்ரோஃபைபர் கையுறையை அதில் அலசிவிட்டுத்தான் நுரையில் முக்க வேண்டும்.

அந்த இரண்டாவது பக்கெட் ஏன் என்றால், நம் ஊர்த் தூசிக்காக. கிருஷ்ணகிரி கிரானைட் ஊர். குவாரி லாரிக்குப் பின்னால் நெடுஞ்சாலையில் வந்த காரின் பானெட்டில் படிவது வெறும் மண் அல்ல, குவார்ட்ஸ் கலந்த கல்தூள். அது கண்ணாடியையே கீறும். காரின் மேல்பூச்சான க்ளியர் கோட் பொதுவாக நாற்பது, ஐம்பது மைக்ரான்தான். ஒரு தலைமுடி அதைவிடத் தடிமன். பெயிண்ட் ஷாப்பில் ட்யூப்லைட் வரிசைக்குக் கீழே நின்று பாடி பார்த்தவர்களுக்குத் தெரியும்: வெயிலில் பளபளக்கும் கதவு, அந்த வெளிச்சத்தில் சிலந்தி வலையாகக் கீறிக் கிடக்கும். எல்லாம் துணியோடு சேர்த்துத் தேய்த்த மண்.

இப்போது எல்லாரும் கேட்கிற மெஷினுக்கு வருவோம். அதில் மாட்டும் நுரைத் துப்பாக்கி மாயம் ஏதும் செய்வதில்லை. தண்ணீர் ஒரு சின்னத் துளை வழியாக வேகமாகப் போகும்போது ஷாம்பூவையும் காற்றையும் இழுத்துக்கொள்கிறது. பிறகு கம்பி வலையில் மோதி நுரையாகிறது. அந்தத் துளைக்கும் மெஷின் தள்ளும் தண்ணீருக்கும் பொருத்தம் வேண்டும். வீட்டு மெஷின்கள் நிமிஷத்துக்கு ஐந்து முதல் ஏழு லிட்டர்வரை தள்ளும். துப்பாக்கியில் பெரும்பாலும் 1.25 மில்லிமீட்டர் துளைதான் போட்டு வரும். சின்ன மெஷினுக்கு 1.1 வேண்டும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார். பையன் ஷாம்பூவை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு ஊற்றிக்கொண்டே இருப்பான், நுரை தண்ணியாகவே ஓடும்.

பொருத்தம் சரியாக இருந்தாலும் உப்பு விடாது. சில மாதத்தில் கழற்றிப் பாருங்கள், கம்பி வலையில் சுண்ணாம்பு படிந்திருக்கும். வினிகரில் ஊறப்போட்டுக் கழுவ வேண்டும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிவிட்டுத்தான் எடுத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் ரீல்ஸில் யாரும் காட்டுவதில்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, மறுபடி பெயிண்ட் அடித்த கதவு எது என்று விற்றவர் சொல்லியிருக்க மாட்டார். நூறு பார் அழுத்தத்தில் கிட்டே பிடித்தால் அந்தப் பெயிண்டின் ஓரம்தான் முதலில் எழும்பும்.

அத்தனைக்கும் பிறகு நுரை செய்வது என்ன? மண்ணை ஊறவைத்து இளக்குகிறது, அவ்வளவுதான். அழுக்குப் படலத்தை எடுக்கக் கை பட்டே ஆக வேண்டும். நுரை அதிகமானால் சுத்தம் அதிகம் என்று நினைப்பவர்கள், நல்ல மழைக்குப் பிறகு கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போய்ப் பார்க்கலாம். பெங்களூருக் கழிவைச் சுமந்துகொண்டு வரும் தென்பெண்ணை, மதகைத் தாண்டி மலை மலையாக நுரைத்து ஓடும். தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. ஆறு லிட்டர் மெஷினைப் பத்து நிமிஷம் ஓட்டினால் அறுபது லிட்டர். இரண்டு பக்கெட்டும் கொஞ்சம் ஹோஸும் அதற்குள் முடித்துவிடும். அத்திப்பள்ளி எல்லைக்கு அந்தப் பக்கம், 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அறிவித்தார்கள். அந்த நிலைமை நமக்கும் வர வெகுகாலம் ஆகாது.

எந்த வழியானாலும் சில விஷயங்கள் பொது. காலை வெயில் ஏறுமுன், நிழலில் கழுவுங்கள். முதலில் வெறும் தண்ணீரால் தூசியை இறக்குங்கள். நுரையை மூன்று நான்கு நிமிஷத்துக்கு மேல் விடாதீர்கள். ஓசூர்க் காற்றில் காய்ந்துவிடும். கூரையிலிருந்து கீழே வாருங்கள். சக்கரத்துக்குத் தனித் துணி. உடனே துடைக்காவிட்டால் உப்பு வெள்ளைப் புள்ளியாக நிற்கும்.

மெஷினைக் கழற்றி மாட்டுவதில் ஆசை இருக்கிறவன் தாராளமாக மெஷின் வாங்கட்டும். அவன் வலையையும் கழுவுவான். பொறுமையே இல்லை என்றால் மாதம் ஒருமுறை வாட்டர் வாஷ் கடைக்கு விடுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் கிடையாது. அடுத்தவரைப் பார்த்து முடிவெடுக்கும் இதே கதையைத்தான் தொழில் தேர்வு செய்வதிலும் பார்க்கிறேன். பக்கத்து வீட்டுப் பையன் சிஎன்சி சேர்ந்தான் என்று, வெல்டிங்கில் நன்றாகக் கை ஓடுகிறவனைக் கொண்டுபோய் சிஎன்சியில் போடுகிறார்கள். அவன் இரண்டு வருடம் மெஷின் முன்னால் கொட்டாவி விடுகிறான். தன் கைக்கு எது வரும் என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் ஆகும். அந்தக் காலத்தை அவனுக்குக் கொடுக்க அப்பாவுக்கும் பொறுமை வேண்டும், அவனுக்கும் வேண்டும்.

ஆகவே தம்பிகளே, மூன்று மாதம் பக்கெட்டில் கழுவுங்கள். உங்கள் தண்ணீர் எப்படி, உங்கள் கார் பெயிண்ட் எப்படி, உங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பொறுமை எவ்வளவு என்று அதற்குள் தெரிந்துவிடும். அதற்குப் பிறகும் மெஷின் வேண்டும் என்று தோன்றினால் வாங்குங்கள், கையோடு 1.1 துளையும் கேட்டு வாங்குங்கள்.