அறிவிப்புத் திரைக்கு மென்பொருள் தேர்ந்தெடுத்தல்

விருத்தாசலம் வட்டாரத்து மக்களுக்குப் பீங்கான் புதிய பொருளன்று. இந்நகரத்துப் பீங்கான் தொழிற்பேட்டையும், அத்தொழில் நுணுக்கத்தைப் பயிற்றுவிக்கும் பயிலகமும் தமிழகம் அறிந்தவை. சிறு பொம்மைக் கூடங்கள் ஒரு பொதுச் சூளையை நம்பித் தொழில் நடத்துமிடத்தில், சூளை ஏற்றும் நாள் மாறிய செய்தி உரிய வேளையில் தெரியாமற் போனால், வார்த்து உலர்த்திய சரக்குக் காத்துக் கிடக்கும். தொழிலாளியின் கூலியும் காத்துக் கிடக்கும். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும் இதே நிலைதான். முகாம் தள்ளிவைக்கப்பட்டதை அறியாமல் பேருந்தேறி வருபவர் ஒருநாள் வருவாயை இழக்கிறார். எனவே செய்திப் பலகை என்பது அலங்காரமன்று. அது மக்களுக்குச் செய்யும் சேவை. தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, செய்திகளை மக்களிடம் பரப்பும் வழிகளுள் அறிவிப்புப் பலகையையும் ஒன்றாகக் குறிப்பிடுகிறது.

கரும்பலகை இருந்த இடத்தில் இன்று மின்திரை வருகிறது. திரையை வாங்குவது எளிது. அதனை இயக்கும் மென்பொருளைத் தேர்வதிலேதான் நாம் கருத்தூன்ற வேண்டும்.

இரு வேறு பணிகள்

முதற்கண் இரு பணிகளைப் பிரித்தறிதல் நன்று. கைப்பேசியிலோ கணினியிலோ தோன்றுவதை அப்படியே பெரிய திரையில் காட்டுவது திரைப் பிரதிபலிப்பு. கிராம சபையில் வரவுசெலவுக் கணக்கை விளக்கவும், பயிற்சி வகுப்பு நடத்தவும் இது ஏற்றது. 2012-இல் வெளிவந்த மிராகாஸ்ட் முறைக்கு இணைய இணைப்புத் தேவையில்லை. விண்டோஸ் கணினிகளும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் பலவும் இதனை ஏற்கும். ஆப்பிள் கருவிகளோ ஏர்பிளே என்னும் தம் சொந்த முறையையே கையாளும். ஆதலின், ஊழியர்களிடமுள்ள கருவிகள் எவை என்று கணக்கெடுத்த பின்னரே திரையை வாங்க வேண்டும். இவற்றுடன் ஒரு நீண்ட எச்.டி.எம்.ஐ. கம்பியையும் வைத்திருப்பது அறிவுடைமை.

பிரதிபலிப்பில் ஓர் அபாயமும் உண்டு. அலுவலரின் கைப்பேசிக்கு வரும் வங்கிச் செய்தியும், பயனாளியின் ஆதார் எண்ணும் சபையோர் அனைவர் கண்ணிலும் படக்கூடும். இதற்கெனத் தனிக் கருவி வைத்துக்கொள்வதும், இணையுமுன் இரகசிய எண் கேட்கும் ஏற்பாட்டைச் செய்வதும் அவசியம்.

நாள் முழுதும் ஆளின்றி அறிவிப்புகளை மாற்றி மாற்றிக் காட்டுவது இரண்டாவது பணி. இதற்குப் பிரதிபலிப்பு உதவாது. கைப்பேசியை எடுத்துச் சென்றால் திரை வெறுமையாகிவிடும். அறிவிப்புத் திரை மென்பொருளே இதற்கு வேண்டும்.

நான்கு சோதனைகள்

விற்பனையாளர் எத்துணை அழகாகக் காட்டினும், பின்வரும் சோதனைகளை நம் முன்னிலையிலேயே செய்விக்க வேண்டும்.

முதலாவது, இணைய இணைப்பைத் துண்டித்து, மின்சாரத்தையும் நிறுத்தி மீண்டும் கொடுக்க வேண்டும். ஒருவரும் தொடாமலே, தன்னிடம் சேமித்துள்ள அறிவிப்புகளைத் திரை மீண்டும் காட்டத் தொடங்க வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வோர் அறிவிப்புக்கும் முடிவு நாள் குறிக்க இயல வேண்டும். கடந்துபோன முகாமின் செய்தி தானே மறைய வேண்டும். பழைய செய்தி, செய்தியின்மையினும் கேடு.

மூன்றாவது, தமிழெழுத்து. "கொ", "கௌ", "ஸ்ரீ" போன்றவை உடையாமல் தோன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். தமிழக அரசு 2010-இல் ஏற்ற ஒருங்குறி முறையிலேயே எழுத்துகள் அமைதல் வேண்டும்.

நான்காவது, எழுதுபவர் ஒருவர், ஒப்புதல் தருபவர் மற்றொருவர் என்று அதிகாரத்தைப் பிரிக்க இயல வேண்டும்.

செலவுக் கணக்கு

திரை ஒன்றுக்கு மாதம் 500 ரூபாய்க் கட்டணம் என்று கொள்வோம். ஆறு திரைகளுக்கு ஐந்தாண்டில் 1,80,000 ரூபாய் ஆகும். இக்கணக்கைப் போட்டுப் பாராமல் முதலாண்டுச் சலுகையை மட்டும் நோக்குதல் தகாது. ஸீபோ என்னும் திறந்தநிலை மென்பொருளின் நிர்வாகப் பகுதியையும், விண்டோஸ், லினக்ஸ் கணினிகளுக்கான இயக்கியையும் இலவசமாகப் பெறலாம். ஆண்ட்ராய்டு இயக்கிக்குக் கட்டணம் உண்டு. ஓரிரு திரைகளே உள்ள சிறு சங்கத்திற்கு, ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியில் இயங்கும் ஆன்தியாஸ் போதுமானது. எனினும், இலவச மென்பொருளைப் பேணுவதற்குப் பயிற்சி பெற்ற ஓர் ஊழியர் வேண்டும். அவருக்காகும் செலவையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. 100 வாட் திரை பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட் செலவாகும். அலுவலக நேரம் முடிந்ததும் திரையைத் தானே அணைக்கும் வசதி இச்செலவைக் குறைக்கும். சூளைக் கூடத்தில் வைப்பதானால் வெப்பமும் களிமண் தூசியும் அணுகாத சுவரைத் தேர்தல் நலம்.

நிறைவாக ஒன்று. எம்மென்பொருளாயினும், காலையில் அதனைப் பார்த்துத் திருத்தும் பொறுப்பு பெயர் குறித்து ஓர் ஊழியரிடம் ஒப்படைக்கப்பட வேண்டும். சங்கங்களும் ஊராட்சிகளும் ஒரே ஒரு திரையுடன் மூன்று மாதம் நடத்திப் பார்த்து, மக்கள் அதனைப் படித்துப் பயனடைகின்றனரா என்று விசாரித்தறிந்த பின்னர் ஏனைய திரைகளை வாங்குவார்களாக. படிக்க இயலாதோர்க்குச் செய்தியை வாய்மொழியாகச் சொல்லும் கடமை அப்பொழுதும் நம்முடையதே.