கொரங்காட்டில் புதுக் களை

கேள்வி: மழைக்குப் பிறகு எங்கள் கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலத்தில்) வெள்ளைப் பூ பூக்கும் ஒரு செடி பரவுகிறது. மாடுகள் வாய் வைப்பதில்லை. இது என்ன செடி? எப்படி ஒழிப்பது?
- வாசகர், தாராபுரம்

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பார்த்தீனியம். கேரட் தழைபோல் பிளவுபட்ட இலை, நெடுக வரியோடிய மயிரடர்ந்த தண்டு, நுனியில் கொத்தாக ஐந்து முனைகள் துருத்திய சிறு வெள்ளைப் பூக்கள் இவையே அடையாளம். பூக்காதபோது மாசிபத்திரி என்று ஏமாறலாம். கசக்கினால் அதன் வாசம் இதில் இராது.

வேறு தீவனமில்லாமல் மாடு இதைத் தின்றால் பால் கசக்கும். தொடுபவருக்குத் தோல் அரிப்பும், மகரந்தத்தால் மூச்சிரைப்பும் வரலாம்.

ஒரு செடியே பல்லாயிரம் விதை உதிர்க்கும். எனவே பூக்கும் முன்பே, நிலம் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். அறுத்துவிட்டால் அடித்தண்டு மறுபடி துளிர்க்கும். பூக்காத செடியை மட்கு உரமாக்கலாம். பூத்ததை உரக்குழியில் போடாதீர்கள். உப்புக் கரைசல் தெளிப்பது சாலையோரத்துக்குச் சரி, மேய்ச்சல் மண்ணுக்கு ஆகாது.

இலையை அரிக்கும் மெக்சிகன் வண்டு தென்பட்டால் மருந்தடித்துக் கொல்லாதீர்கள். 1980-களில் இதற்கென்றே இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது அது.

பிடுங்கிய இடத்தைச் சும்மா விட்டால் திரும்பவும் முளைக்கும். உடனே கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, அது வேர்பிடிக்கும்வரை மாடுகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பார்த்தீனிய விதை மண்ணில் பல ஆண்டு உறங்கும் என்பதால், ஒவ்வொரு மழைக்குப் பின்னும் ஒருமுறை காட்டைச் சுற்றி வாருங்கள்.