குறுஞ்செய்திக்கு எதற்கு ஜிகாபிட்?

"மெசேஜ் லேட்டாப் போகுது சார், நெட் ஸ்பீடு பத்தல. ஒரு ஜிகாபிட் லைன் எடுத்துடலாமா?" மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் அலுவலகம் எதற்குப் போனாலும் இதே பாட்டு. லைன் விற்க வந்தவர் ஓதிவிட்டுப் போனதை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

ஒரு குறுஞ்செய்தியின் உள்ளடக்கம் அதிகபட்சம் 140 பைட். ஆபரேட்டரிடம் அதைக் கொண்டுபோகும் எஸ்எம்பிபி நெறிமுறையின் சுமையையும் சேர்த்துத் தாராளமாக 250 என்றே வைப்போம். விநாடிக்கு 100 செய்தி அனுப்பினால் 25,000 பைட். அதாவது 0.2 எம்பிபிஎஸ். அவ்வளவு சின்ன லைன் இன்று கேட்டாலும் கிடைக்காது!

பிறகு தாமதம் எங்கே? ஆபரேட்டர் உங்கள் கணக்குக்கு 'விநாடிக்கு இத்தனைதான்' என்று டிபிஎஸ் வரம்பு வைத்திருக்கிறார். மீறினால் அவருடைய சர்வர் திருப்பியடிக்கும். லாகைத் திறந்தால் 58 என்று முடியும் பிழைக் குறியீடு வரிசையாக நிற்கும். திறந்தால்தானே! அடுத்தது விண்டோ, அதாவது பதில் வரும் முன் எத்தனை செய்திகளை அனுப்பி வைக்கலாம் என்ற எண்ணிக்கை. ஒரு செய்தியை அனுப்பி, பதில் வந்த பிறகே அடுத்ததை அனுப்பும்படி மென்பொருளை அமைத்திருப்பார்கள். போய்வர 50 மில்லிவிநாடி ஆனால் விநாடிக்கு 20தான் போகும். லைனை நூறு மடங்கு பெருக்கினாலும் அதே 20. விண்டோவை 10 ஆக்குங்கள், வரம்பு இடம் கொடுத்தால் 200 போகும். பைசா செலவில்லை.

லைனில் பார்க்க வேண்டியது வேறு. ஆபரேட்டரின் அனுமதிப் பட்டியலில் ஏற்ற நிலையான ஐபி வேண்டும். சும்மா இருக்கும் இணைப்பை ரவுட்டர் சத்தமில்லாமல் துண்டித்துவிடும். அதனால் அரை நிமிடத்துக்கொரு முறை 'இருக்கிறாயா' என்று கேட்கும் என்கொயர் லிங்க் ஓட வேண்டும். வேறு நிறுவனத்தின், வேறு தடத்தில் வரும் இரண்டாவது லைன் வேண்டும். ஒரே பள்ளத்தில் இரண்டு கேபிள் போட்டால் ஒரு ஜேசிபி போதும்.

பத்து சிம்மை மோடத்தில் செருகி அனுப்பினால் மலிவாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகளின்படி வணிகச் செய்தி பதிவான ஹெடரிலிருந்துதான், அதாவது அனுப்புநர் பெயரிலிருந்துதான், போக வேண்டும்; மீறினால் எண்ணைத் துண்டித்துவிடுவார்கள். முறையாக அனுப்பினாலும், 'சப்மிட் ஓகே' என்றால் ஆபரேட்டர் வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். போய்ச் சேர்ந்ததா என்பதை டெலிவரி ரிப்போர்ட்தான் சொல்லும்.

தமிழில் அனுப்பினால் லைன் தாங்காது என்பதுதான் எனக்கு ஆத்திரம் வரவழைப்பது. தமிழுக்கும் அதே 140 பைட்தான். ஆங்கிலத்தில் 160 எழுத்து பிடிக்கும், தமிழில் 70. கொம்பும் புள்ளியும்கூடத் தனித்தனியாகக் கணக்கில் வரும். சுருக்கமாக எழுதத் தெரிந்தவரிடம் வேலையைக் கொடுங்கள். பள்ளி விடுமுறையையும் மருத்துவமனைத் தேதியையும் ஆங்கிலத்தில் அனுப்பி, பேரப்பிள்ளை வந்து படித்துச் சொல்லும்வரை பாட்டியைக் காக்க வைக்காதீர்கள். ஹெடரையும் செய்தி வார்ப்புருவையும் பதிவு செய்யும் டிஎல்டி தளத்தில் தமிழ் டெம்ப்ளேட்டுக்குத் தடையில்லை. இந்த வாரமே செய்யுங்கள்.