பொட்டலத்தின் மேல் எழுதிய வாக்கு



திருவிழாக்களின் தத்துவத்தைப் பற்றியே இம்மலரில் எழுதுவது என் வழக்கம். இவ்வாண்டு உணவுப் பொட்டலங்களின் மேல் எழுதப்படும் சொற்களைப் பற்றி எழுத விரும்புகிறேன். நான் செய்த ஒரு பிழையே அதற்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரியின்போது நமது மகளிர் குழுவினர் ஆலய நிதிக்காகச் சத்துமாவு தயாரித்தனர். கேழ்வரகு, கம்பு, கோதுமை, பொட்டுக்கடலை, ஏலக்காய், சுவைக்குப் பனஞ்சர்க்கரை. எல்லாம் தேக்காவில் பார்த்துப் பார்த்து வாங்கிய சரக்கு. பொட்டலத்தில் ஒட்டும் சீட்டை எழுதும் பணி, ஓய்வுபெற்ற ஆசிரியன் என்பதால், என்னிடம் வந்தது. "வெள்ளைச் சீனி சேர்க்கப்படாதது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் ஏற்றது" என்று எழுதினேன். இரண்டே நாளில் மாவு விற்றுத் தீர்ந்தது.

தைப்பூசம் கழிந்து ஒரு நாள், என் பழைய மாணவர் ஒருவரின் தாயார் ஆலயத்தில் என்னைச் சந்தித்தார். எழுபதைக் கடந்தவர், நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர். பல பொட்டலங்கள் வாங்கி, காலையும் மாலையும் கஞ்சி காய்ச்சிக் குடித்திருக்கிறார். பலதுறை மருந்தகத்தில் பரிசோதித்தபோது சர்க்கரை அளவு வெகுவாகக் கூடியிருந்ததாம். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "நீங்க எழுதினதுன்னு சொன்னாங்க சார். அதனால வேற யார்கிட்டயும் கேட்கணும்னு தோணலை" என்று மட்டும் சொன்னார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. சீட்டில் இருந்த முதல் வாக்கியம் உண்மை. வெள்ளைச் சீனி சிறிதும் இல்லை. ஆனால் பனஞ்சர்க்கரையிலும் பெரும்பகுதி சீனிச்சத்துதான். கேழ்வரகு மாவில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து உண்டு. அதை நைசாக அரைத்துக் கஞ்சியாக்கினால் விரைவில் செரித்து, இரத்தத்தில் சர்க்கரையாகச் சேரும். இரண்டாம் வாக்கியத்தை எழுத எனக்கு எந்தத் தகுதியும் இருக்கவில்லை. முதல் வாக்கியத்தின் உண்மை, இரண்டாம் வாக்கியத்தின் பொய்க்குச் சாட்சி சொல்லிவிட்டது.

திருக்குறளின் 30ஆம் அதிகாரம் வாய்மை. பிறர்க்குத் தீங்கு தராத சொல்லே வாய்மை என்கிறார் வள்ளுவர். வகுப்பில் எத்தனையோ முறை விளக்கம் சொல்லியிருக்கிறேன். அதன் பொருளை அந்த அம்மையாரிடம்தான் கற்றேன். எழுதியவன் என்ன நினைத்தான் என்பது போதாது. படிப்பவர் என்ன புரிந்துகொள்வார், அதனால் அவருக்கு என்ன விளையும் என்பதையும் பார்க்க வேண்டும்.

சீட்டைப் படிக்கும் முறை

பேரங்காடிக்குச் செல்லும் அன்பர்கள் நான்கு செய்திகளை நினைவில் கொள்ளலாம்.

1. உறையின் பின்பக்கத்தைப் பாருங்கள். சேர்மானங்கள் எடையின்படி, கூடுதலிலிருந்து குறைவாக வரிசைப்படுத்தப்பட்டிருக்கும். சீனி முதலிடத்தில் இல்லையே என்று மகிழ வேண்டாம். குளுக்கோஸ் பாகு, தேன், பழச்சாற்றுச் செறிவு என்று அதுவே வேறு பெயர்களிலும் பட்டியலில் இருக்கக்கூடும்.

2. அளவைக் கவனியுங்கள். ஒரு பரிமாறலுக்கு என்று குறித்த எண் சிறியதாகத் தோன்றும். அந்தப் பரிமாறல் இரண்டே பிஸ்கட்டாக இருக்கலாம். நாம் இரண்டோடு நிறுத்துகிறோமா?

3. "இல்லை" என்னும் சொல்லை ஆராயுங்கள். தாவர எண்ணெயில் கொலஸ்ட்ரால் இயல்பாகவே இருப்பதில்லை எனலாம். ஆகவே தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் "கொலஸ்ட்ரால் இல்லை" என்று எழுதினால் அது பொய்யாகாது. ஆனால் அதன் கொழுப்பில் 80 விழுக்காட்டுக்கு மேல் நிறைகொழுப்பு என்பதை அச்சொல் மறைத்துவிடுகிறது. சீனியில்லாப் பிஸ்கட்டிலும் மாவு உண்டு.

4. சின்னத்தின் பொருளை அறியுங்கள். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஆரோக்கியத் தெரிவுச் சின்னம், அதே வகைப் பொருள்களுக்குள் இது மேலானது என்று ஒப்பிட்டுச் சொல்வது. எவ்வளவும் உண்ணலாம் என்று அது அனுமதி தரவில்லை.

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் போத்தலிலும் டின்னிலும் பொட்டலத்திலும் அடைத்து விற்கும் பானங்களுக்கு ஏ முதல் டி வரை நியூட்ரி-கிரேட் தரவரிசை நடப்பில் உள்ளது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் அது டி. சி, டி பெற்றவை அதை உறையின் முன்பக்கத்தில் காட்டியாக வேண்டும். பி பெற்ற பானத்திலும் 100 மில்லிலிட்டருக்கு 5 கிராம் வரை சீனி இருக்கலாம். 250 மில்லிலிட்டர் பொட்டலம் ஒன்றைக் குடித்தால் ஏறக்குறைய இரண்டரைத் தேக்கரண்டி.

நம் கடமை

ஓர் உணவு நோயைத் தடுக்கும், குணப்படுத்தும் என்று உறையில் எழுதுவதற்கும் உணவு விதிமுறைகளில் தடை உண்டு. வணிகர் எழுதினால் குற்றம் என்போம். ஆலயத்துக்காக எழுதினால் தொண்டு என்போமா? நான் இதைச் செயற்குழுவில் எடுத்துரைத்தபோது, "நல்ல காரியத்துக்குத்தானே செய்தோம், வெளியே சொல்ல வேண்டுமா?" என்று சிலர் தயங்கினர். அவர்கள் தயக்கம் எனக்குப் புரிந்தது. ஆயினும் மாவு வாங்கிய மற்றவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. எனவே அடுத்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஒலிபெருக்கியில் என் பிழையை நானே அறிவித்தேன். அன்றே மூவர் வந்து, தாங்களும் அம்மாவை நீரிழிவுக்கென்றே உண்டு வந்ததாகக் கூறினர்.

இப்போது நமது விற்பனைப் பொருள்களில் சேர்மானங்கள் அனைத்தையும் எழுதுகிறோம், பனஞ்சர்க்கரையையும் எழுதுகிறோம். எந்த நோய்க்கும் ஏற்றது என்று எழுதுவதில்லை.

பிரசாதத்துக்குச் சீட்டு கிடையாது. இரு கைகளையும் ஏந்தி வாங்குபவர் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. அந்த நம்பிக்கைக்குப் பழுது வராமல் காப்பதும் இறைபணியே.

எல்லாரும் நலமுடன் வாழ எல்லாம் வல்ல அம்பாள் திருவருள் துணை நிற்பதாக.