சி.டி.69 தெரிந்தால் சென்னையில் வேலை

மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் (எம்.எல்.டி.) படித்தால் காலமெல்லாம் சர்க்கரையும் உப்பும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று நினைக்கும் கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளே, ஃப்ளோ சைட்டோமீட்டர் பக்கம் கொஞ்சம் பாருங்கள். செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களில் ஒளிரும் சாயம் பூசிய ஆன்டிபாடிகளை ஒட்டவைத்து, செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிட்டு எண்ணும் கருவி அது. எச்.ஐ.வி. நோயாளிக்குப் பார்க்கும் சி.டி.4 எண்ணிக்கை பெரும்பாலும் இதன் கைங்கரியம்தான்.

எண்ணுவதைவிடச் சுவையான வேலை, எந்த செல் விழித்திருக்கிறது என்று பார்ப்பது. டி செல் என்னும் வெள்ளை அணுவைத் தூண்டியதும் சில மணி நேரத்தில் அதன் மேற்பரப்பில் சி.டி.69 என்ற புரதம் தலைகாட்டும். ஒரு நாள் போனால் சி.டி.25. எச்.எல்.ஏ-டி.ஆர். வர இன்னும் சில நாள் பிடிக்கும். நேர்முகத் தேர்வில் இந்த வரிசையை எல்லோரும் ஒப்பித்துவிடுவார்கள். மடக்குவது அடுத்த கேள்விதான்: "சி.டி.25 இருந்தாலே விழித்த செல்லா?" இல்லை. நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் ஒழுங்குமுறை டி செல்கள் அதை எப்போதும் சுமக்கின்றன. எச்.எல்.ஏ-டி.ஆரோ பி செல்லிலும் மோனோசைட்டிலும் சும்மாவே இருக்கும். ஆகவே முதலில் செத்த செல்களைத் தள்ளுங்கள். அவற்றில் ஆன்டிபாடி கண்டபடி ஒட்டும். பிறகு சி.டி.3 வைத்து டி செல்லைப் பிரித்தெடுங்கள். தூண்டாத ரத்தத்தையும் பக்கத்திலேயே ஓட்டாவிட்டால் நீங்கள் சொல்லும் சதவீதத்தை யாரும் நம்பமாட்டார்கள்.

கருவிக்கு முன்னால் ரத்தம் இருக்கிறது. வெள்ளிமலையில் எடுத்த ரத்தம் கச்சிராயபாளையம் இறங்கி, கள்ளக்குறிச்சி தாண்டி, சென்னை போய்ச் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எண்ண மட்டும் என்றால் ஊதா மூடி இ.டி.டி.ஏ. குழாய் போதும். செல்லை உயிரோடு தூண்டிப் பார்க்க வேண்டுமானால் பச்சை மூடி ஹெப்பாரின் குழாய்தான்; ஏனென்றால் இ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், கால்சியம் இல்லாமல் டி செல் அசையாது. ஐஸில் போடாதீர்கள், மே மாத வெயிலில் ஜீப் டாஷ்போர்டிலும் வைக்காதீர்கள். எடுத்த நேரத்தைக் குழாயின் மேலேயே எழுதிவிடுங்கள்.

ஆராய்ச்சி வேலைக்குச் சென்னை சேத்துப்பட்டில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1956-இல் தொடங்கியது. காசநோய்க் கிருமியை அடையாளம் காணும் டி செல்களில் சி.டி.38-ம் எச்.எல்.ஏ-டி.ஆரும் கூடியிருந்தால் நோய் உறங்கவில்லை, உள்ளே வேலை செய்கிறது என்று கணிக்க முடியுமா என்பது உலகம் முழுக்க நடக்கும் ஆய்வு. ஆனால் இத்தகைய பணிகள் பெரும்பாலும் ஒப்பந்தப் பணிகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். மாதச் சம்பளம் நிலையாக வேண்டுமென்றால் ரத்தப் புற்றுநோயை வகைப்படுத்தும் ஆய்வகங்களைத்தான் நாட வேண்டும்: வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், அடையாறு புற்றுநோய் நிறுவனம். அங்கும் இதே கருவிதான். என்னைக் கேட்டால், அந்த ஆய்வக வேலையை முதலில் கற்றுக்கொண்டு ஆராய்ச்சிக்கு அப்புறம் போகலாம்.

கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மாணவர்கள் முதுகலை முடித்து பிஎச்.டி. செய்ய நினைத்தால், மத்திய பழங்குடியினர் நல அமைச்சகத்தின் தேசிய ஃபெல்லோஷிப் உண்டு. விண்ணப்பம் திறக்கிற வாரத்தில் சாதிச் சான்றுக்கு அலையாமல் இப்போதே வாங்கி வையுங்கள்.