நீர்த்தவளை வளர்ப்பு: வாங்குமுன் அறிய வேண்டியவை



வீட்டுப் பிள்ளைகள் மீன் தொட்டிக்கு ஆசைப்படுவது பழைய வழக்கம். தவளை வேண்டுமென்று அத்தாவை நச்சரிக்கும் பிள்ளைகளும் உண்டு. கரைக்கு வராமல் ஆயுள் முழுவதும் தண்ணீருக்குள்ளேயே வாழும் தவளை இனங்கள் சில உள. அவற்றை வளர்க்கும் முறையை இப்பாடத்தில் கவனிப்போம்.

வியாபாரிகளாகிய நாம் தரம் அறியாமல் சரக்குக் கொள்முதல் செய்வதில்லை. உயிருள்ள பிராணிக்கு அவ்விதி இன்னும் அதிகமாகப் பொருந்தும். கெட்ட சரக்கைத் திருப்பி அனுப்பலாம். நம் அறியாமையால் மாண்ட உயிரைத் திருப்ப இயலாது.

1. இனம் அறிதல்

இவ்வகையில் பெயர் பெற்றவை இரண்டு. இரண்டும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவை. ஒன்று தென்னாப்பிரிக்கப் பகுதியின் நகத்தவளை. மற்றது நைஜீரியா, கேமரூன், காங்கோ நாடுகளின் குள்ளத் தவளை.

நகத்தவளைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. கர்ப்பிணியின் சிறுநீரிலுள்ள சுரப்பை ஊசி மூலம் பெண் தவளைக்குச் செலுத்தினால், அது ஒரு நாளைக்குள் முட்டையிடும். கேப் டவுனில் பணியாற்றிய ஆங்கில விஞ்ஞானி லான்ஸ்லட் ஹாக்பென் 1930ஆம் ஆண்டையொட்டிச் செய்த ஆராய்ச்சியிலிருந்து இச்சோதனை பிறந்தது. 1960கள் வரை பல நாட்டு மருத்துவமனைகள் இதனைக் கையாண்டன. அதற்காகவே இத்தவளை உலகெங்கும் ஏற்றுமதியாயிற்று.

குட்டிப் பருவத்தில் இவ்விரண்டையும் மாற்றி வாங்கிவிடுவது எளிது. முன்னங்காலைப் பாருங்கள். விரல்களுக்கிடையே தோல் இருந்தால் குள்ளத் தவளை. விரல்கள் தனித்தனியே பிரிந்திருந்தால் நகத்தவளை. குள்ளத் தவளை 3 அல்லது 4 சென்டிமீட்டருக்கு மேல் வளராது. சுமார் 5 ஆண்டுகள் வாழும். பெண் நகத்தவளையோ 10 சென்டிமீட்டருக்கு மேலும் வளரும். வாயில் அடங்கும் மீனையும் சிறு தவளையையும் விழுங்கிவிடும். 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இன்று ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், பிள்ளைக்கு இருபது வயதாகும்போதும் அது உயிரோடிருக்கக்கூடும்.

வெப்பமும் முக்கியம். நகத்தவளைக்கு 16 முதல் 22 டிகிரி வரையுள்ள தண்ணீரே உகந்தது. நம் நாட்டு வெயிலில் குளிரூட்டும் கருவியின்றி அது சாத்தியமில்லை. குள்ளத் தவளைக்கு 24 முதல் 27 டிகிரி போதும். ஆகவே இங்கு வளர்க்க விரும்புவோர் குள்ளத் தவளையையே எண்ணிப் பார்க்கலாம். அதையும் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். அதற்கு முன், வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடந்தருகிறதா என்று சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகத்திடமும், மலேசியாவில் வனவிலங்குத் துறையிடமும் விசாரித்துக்கொள்வது கடமை.

2. தவளைக்கு முன் தண்ணீர்

இப்பாடத்தின் உயிர்நாடி இதுவே. தவளை தோல் வழியே தண்ணீரை உறிஞ்சுவதால், தண்ணீரிலுள்ள நஞ்சும் உள்ளே செல்லும். குழாய்த் தண்ணீரை ஓரிரவு திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கும். குளோரமின் அவ்வாறு நீங்காது. சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரில் இருப்பது குளோரமின். மீன் கடையில் கிடைக்கும் முறிப்பு மருந்தை அளவோடு கலந்த பிறகே தொட்டியில் ஊற்ற வேண்டும்.

தவளையின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகும். அதனை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் குடியேற 4 முதல் 6 வாரங்கள் பிடிக்கும். எனவே தொட்டியை முதலில் வாங்கி, தண்ணீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு, சிறிது மீன் தீனி இட்டு வாருங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று சோதனை மருந்து காட்டிய பின்பே தவளை வீட்டுக்கு வரட்டும். அதன்பின் வாரந்தோறும் கால்பங்குத் தண்ணீரை மாற்ற வேண்டும்.

நான்கு குள்ளத் தவளைகளுக்கு 40 லிட்டர் தொட்டி தாராளம். இவை நுரையீரலால் சுவாசிப்பவை. அடிக்கடி மேலே வந்து மூச்சு வாங்கும். ஆழம் 30 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். நீரோட்டம் மெதுவாக இருக்கட்டும். உணவோடு விழுங்கிவிடும் என்பதால் சிறு கற்களைப் போடலாகாது. மூடி அவசியம், துள்ளி வெளியே விழுந்தால் சில மணி நேரத்தில் காய்ந்து மடியும்.

3. உணவும் கைச்சுத்தமும்

இவற்றுக்கு நாக்கு இல்லை. மோப்பத்தால் உணவைத் தேடி உண்ணும். உறையவைத்த சிவப்புப் புழுவை இளக்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் சிறிதளவு கொடுத்தால் போதும். மிஞ்சியதை எடுத்துவிட வேண்டும். வேகமான மீன்களோடு வைத்தால் தவளை பட்டினி கிடக்கும்.

தொட்டித் தண்ணீரில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். 2009 முதல் 2011 வரை அமெரிக்காவில் குள்ளத் தவளைகளால் 200க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். அவர்களில் பெரும்பாலோர் சிறுவர். தொட்டியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சமையலறைத் தொட்டியில் தவளைப் பாத்திரங்களைக் கழுவலாகாது.

4. வெளியே விடலாகாது

சலித்துப்போனால் கால்வாயிலோ குளத்திலோ விட்டுவிடுவது இரக்கமன்று. நகத்தவளை இவ்வாறு கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ் ஆகிய இடங்களில் பரவி, அங்குள்ள உயிரினங்களுக்குக் கேடாயிற்று. பிற தவளைகளைக் கொல்லும் தோல் பூஞ்சணத்தைத் தான் நோயுறாமலே சுமக்கவும் அதனால் முடியும். வளர்க்க இயலாதபோது, முறையாகப் பராமரிக்கும் வேறொருவரிடம் ஒப்படைப்பதே வழி.

வாங்கும் விலை சொற்பம். ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டிய பராமரிப்பே உண்மையான முதலீடு. அதற்கு நேரமுண்டா என்று முதலில் கணக்குப் பார்ப்போம். இருந்தால் தொட்டியை வாங்குவோம். ஆறு வாரம் சென்று தவளையை வாங்குவோம்.