துணியின்மேல் ஏறும் குணங்கள்

கடையில் பாலியஸ்டர் துணியைத் தொட்டுப் பார்த்து, "நன்றாயிருக்கிறது" என்கிறோம். அந்த மென்மையும் நயமும் நூலுடன் பிறந்தவை மட்டுமல்ல. ஆலையின் கடைசிப் பிரிவில் சேர்க்கப்பட்டவையும் உண்டு. இதனையே 'பினிஷிங்' என்பர்.

தோழியரே, 100 கிராம் உலர்ந்த பருத்தி சாதாரணக் காற்றிலிருந்து சுமார் 8 கிராம் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டரோ அரை கிராம்கூட ஈர்ப்பதில்லை. ஆகவே அது விரைவில் உலர்கிறது; ஆனால் உராய்வினால் எழும் மின்னூட்டம் வெளியேற வழியில்லை. பாவாடை காலோடு ஒட்டுவதும், கழற்றும்போது சடசடப்பதும் இதனால்தான். இதற்காகத் துணியை ரசாயனக் கரைசலில் தோய்த்து, உருளைகளுக்கிடையே பிழிந்து, சூடான காற்றில் உலர்த்துகின்றனர். ஈரத்தை ஈர்க்கும் மெல்லிய படலமொன்று நூலின்மேல் படிகிறது. மின்னூட்டம் அதன் வழியே கசிந்துவிடுகிறது. மலிவான படலம் சில சலவைகளிலேயே போய்விடும். நாமோ சோப்பைக் குறை கூறுவோம்!

சீருடைப் பாவாடையின் மடிப்பு நிலைக்க ரசாயனம் தேவையில்லை. ஏறத்தாழ 180 முதல் 200 டிகிரி வெப்பமே போதும்.

தீத்தடுப்புப் பூச்சின் கதை வேறு. தீப்பட்ட பாலியஸ்டர் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அடுப்படியில் முந்தானையைச் செருகிக்கொள்ளச் சொல்லும் அன்னையர் இதனை அறிவர். அமெரிக்காவில் 1971ஆம் ஆண்டு, குழந்தைகளின் இரவுடை எளிதில் தீப்பற்றக் கூடாதென விதி வகுத்தனர். நல்ல விதிதான். அதற்காகப் புரோமினும் பாஸ்பரசும் அடங்கிய 'ட்ரிஸ்' என்னும் சேர்மத்தைப் பாலியஸ்டர் துணியில் ஏற்றினர். வெப்பம் பட்டதும் அதிலிருந்து வெளிப்படும் புரோமின், சுவாலைக்குள் நிகழும் தொடர்வினையை அறுத்துவிடும். தீயைப் பொறுத்தவரை அது தன் வேலையைச் சரியாகவே செய்தது.

ஆனால் பூச்சு துணியோடு நிற்குமா, குழந்தையின் உடலுக்குள் செல்லுமா என்பதை முன்கூட்டியே எவரும் சரிவரச் சோதிக்கவில்லை. 1977 ஜனவரியில் ஆர்லீன் பிளம் என்ற வேதியியல் அறிஞரும் பேராசிரியர் புரூஸ் ஏம்ஸும் 'சயன்ஸ்' இதழில் எச்சரித்தனர். ட்ரிஸ் பாக்டீரியாவின் மரபுப் பொருளை மாற்றுகிறது. ஆகவே புற்றுநோயை விளைவிக்கவும் கூடும் என்றனர். அவ்வாண்டு ஏப்ரலிலேயே குழந்தைகளின் உடையில் அது தடை செய்யப்பட்டது. அவ்வுடை அணிந்து உறங்கிய குழந்தையின் சிறுநீரில் ட்ரிஸின் சிதைபொருள் இருப்பதையும் 1978இல் அவர்கள் வெளியிட்டனர். (அதே ஆண்டு அன்னபூர்ணா சிகரத்திற்குச் சென்ற பெண்கள் குழுவின் தலைவியும் இந்தப் பிளம் அம்மையாரே!)

ட்ரிஸுக்குப் பதிலாக வந்த குளோரின் சேர்மமும் இதே சோதனையில் தவறியது. பாஸ்பரசைப் பாலியஸ்டரின் மூலக்கூறுச் சங்கிலியிலேயே பிணைத்து நூலாக இழுக்கும் முறையும் உண்டு. அது மேற்பூச்சன்று, நூலின் உடலிலேயே இருப்பதால், எத்தனை முறை துவைத்தாலும் போவதில்லை. விலைதான் சற்றுக் கூடுதல்.